உழைப்பின் மொழியும் பனியன் வட்டாரத்தின் வரலாறும்

அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு உழைக்கும் மக்களின் வாழ்வை எழுதும் சமூக வரலாறு, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் குறித்து 1963இல் இ. பி. தாம்சன் எழுதிய நூலால் பெரும் வலுப்பெற்றது. வர்க்க உணர்வு வாழ்நிலையிலிருந்து தானாக விளைவதில்லை, மக்கள் தம் குறைகளைச் சொல்லக் கையாளும் மொழியே அதற்கு உருக்கொடுக்கிறது என்று 1983இல் காரெத் ஸ்டெட்மன் ஜோன்ஸ் வாதிட்டபோது, 'மொழித் திருப்பம்' எனப்படும் அணுகுமுறை அத்துறைக்குள்ளும் வேரூன்றியது. ஜோன் ஸ்காட் 1988இல் அதைப் பாலின வேறுபாட்டுக்கும் விரித்தார்.

அவிநாசியும் திருப்பூரும் அடங்கிய பின்னலாடை வட்டாரத்தில் இந்த அணுகுமுறையின் பயனை, 2004இல் வெளிவந்த சரத் சாரியின் நூல் தெளிவாகக் காட்டுகிறது. வேளாண் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, பின்னர் முதலாளிகளான கவுண்டர்கள், தம் ஏற்றத்துக்குக் கடின உழைப்பையே காரணமாகக் கூறினர். அக்கதைகள் மெய்யா பொய்யா என்று பார்ப்பதோடு நில்லாமல், தொழிற்கூடத்தில் அவை யாருக்கு அதிகாரம் தந்தன என்றும் சாரி கேட்டார். இது மிகச் சரியான கேள்வி. ஏனெனில் பிசிறு வெட்டியும் துணி மடித்தும் நின்ற பெண்கள் குறைவாக உழைக்கவில்லை, ஆனால் அவர்களுடைய உழைப்பு அக்கதையில் மூலதனமாக மதிக்கப்படவில்லை.

எனினும் மொழியை மட்டும் ஆராய்ந்தால் வரலாறு முழுமையாகாது. நிலவுடைமை, உறவுமுறைவழிக் கடன், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் முறை, 1984இல் பஞ்சப்படிக்காக நடந்த நீண்ட வேலைநிறுத்தம் ஆகியவற்றோடு இணைத்துப் படிக்கும்போதே, உழைப்பைப் பற்றிய அந்தப் பேச்சு ஏன் சிலர் வாயில் மட்டும் செல்லுபடியானது என்பது விளங்குகிறது.