இறால் வளர்ப்பில் ஆண்டிபயாடிக் கட்டுப்பாடு: பொருளாதார விளைவுகள்

பண்ணைகளில் ஆண்டிபயாடிக் மருந்தைக் குறைத்தால் யாருக்குச் செலவு, யாருக்கு வரவு என்பதைச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போகும் வளர்ப்பு இறாலை வைத்து எளிதில் விளக்கலாம். கடலோரப் பண்ணைகளின் வனாமி இறால் உறைய வைக்கப்பட்டு, ராயபுரத்தை ஒட்டிய இத்துறைமுகத்திலிருந்தும் கப்பலேறுகிறது.

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்கு இறால் வளர்ப்பில் முழுத் தடை. இதை மேற்பார்வையிடும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல், இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. குளோராம்பெனிகாலுக்கு அங்கு 2022 நவம்பர் முதல் உள்ள எல்லை கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். பத்து டன் சரக்குக்குக் கணக்கிட்டால் ஒன்றரை மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட இராது.

இந்த எல்லையைத் தாண்டிச் சரக்கு திரும்பினால் கப்பல் கூலியும் குளிர்பதனக் கன்டெய்னரின் தாமதக் கட்டணமும் ஏற்றுமதியாளர் தலையில் விழும். அவர் அதை அடுத்த கொள்முதல் விலையில் கழித்துக்கொள்வார். ஆக, கடைசிச் சுமை குட்டைக்காரருக்குத்தான். பிடிப்புக்கு முன் மாதிரி எடுத்து எலிசா எனும் மருந்தெச்சச் சோதனை செய்வதும் இதனால்தான். ஐம்பது ஏக்கர்க்காரருக்கு அது சில்லறைச் செலவு. இரண்டு ஏக்கர்க்காரருக்கு அப்படியல்ல.

மருந்தை நிறுத்தினால் விளைச்சல் படுத்துவிடும் என்ற அச்சம் மிகையானது. இறாலை மொத்தமாகக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது; ஆண்டிபயாடிக் அதைத் தொடாது. அந்தக் காசு வீண் காசு. விப்ரியோ போன்ற பாக்டீரியா நோய்களில்தான் இழப்புக்கு இடமுண்டு. அதற்கும் நோயற்ற குஞ்சு, அளவான இருப்பு, சுத்தமான நீர் என்று முன்கூட்டியே செலவழிப்பதே வழி. வனாமி தாய் இறால்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கும் நிலையம் சென்னை நீலாங்கரையில் 2009 முதல் இயங்குகிறது.

இறாலுக்கு வெளியேயும் இதே பாடம்தான். டென்மார்க்கில் வளர்ச்சியூக்கி ஆண்டிபயாடிக்குகள் நிறுத்தப்பட்டபோது பன்றி உற்பத்திச் செலவு ஏறத்தாழ 1 சதவீதமே கூடியது. கோழிக்கு அதுவும் இல்லை. நாமக்கல் கோழிப் பண்ணைகளையும் பாதித்த கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக் மீதான தடையை இந்தியா 2019 ஜூலையில் கொண்டுவந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் கடல் இறாலுக்கு மருந்துச் சிக்கலே இல்லை. ஆனால் இழுவலையில் ஆமை சிக்குகிறது என்பதால், 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை.