நடுநாட்டுத் தீர்த்தங்களும் வெண்ணெய்நல்லூர் அருட்டுறையும்

சைவ நூலார் வழிபாட்டிற்குரியவற்றை மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாக வகுத்துரைப்பர். இம்மூன்றனுள் மூர்த்தியைப் பற்றியும் தலத்தைப் பற்றியும் எழுந்த ஆராய்ச்சிகள் பல. தீர்த்தத்தைப் பற்றி எழுந்தன சிலவே. தலபுராணங்கள் தீர்த்தச் சிறப்புரைக்கும் படலங்களை உடையனவாயினும், அவற்றுட் கூறப்படும் பயன்களைக் கேட்டு மகிழ்தலோடு பலரும் அமைந்துவிடுகின்றனர். புறத்தே உடம்பை நனைக்கும் நீர் அகத்தேயுள்ள மலத்தை எவ்வாறு நீக்கும் என்னும் வினா எழுங்கால் விடையின்றித் திகைப்பாரும் உளர். இவ்வினாவிற்கு விடை காண்டற்கு ஏற்ற நிலம் நடுநாடேயாகும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வழியாகத் திருவெண்ணெய்நல்லூர் வரையிற் செல்லும் யாத்திரிகன் கடக்கும் நீர்த்துறைகளே அவ்விடையைத் தம்முள் அடக்கி நிற்கின்றன.

முதற்கண் சொற்பொருளை நோக்குதல் வேண்டும். தீர்த்தம் என்னும் வடசொல் கடத்தற் பொருளையுடைய அடியினின்றும் பிறந்தது. ஆற்றைக் கடத்தற்கும், இறங்கி நீராடுதற்கும் உரிய இடமே முன்னர் அச்சொல்லாற் குறிக்கப்பட்டது. அவ்விடத்து நீரை அது குறித்தது பின்னரேயாம். அப்பொருளைத் தமிழில் உணர்த்துஞ் சொல் துறை என்பது. ஆகவே தீர்த்தம் என்பது வெறும் நீரன்று. ஒரு கரையினின்று மறுகரைக்குச் செல்வான் கால்வைக்கும் இடமாகும். பிறவியைக் கடலென்றும், திருவடியைக் கரையென்றும், அருளைப் புணையென்றும் சான்றோர் கூறும் வழக்கினை இதனோடு வைத்து நோக்குவார்க்குத் தீர்த்தத்தின் உட்பொருள் எளிதிற் புலனாகும்.

இனி நிலத்தியல்பு கூறப்படும். திண்டிவனம் என்னும் பெயர் புளியமரத்தை உணர்த்தும் திந்திரிணி என்னும் வடசொல்லால் அமைந்தது. அங்குள்ள இறைவர் திந்திரிணீசுவரர் எனப்படுவர். இவ்வூரின் ஒரு பகுதியாக இன்றுள்ள கிடங்கில், சங்ககாலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய ஊராய் விளங்கியமை சிறுபாணாற்றுப்படையால் அறியப்படும். கிடங்கு என்பது அகழியைக் குறிக்குஞ் சொல்லாதலின், நீர்நிலையாற் பெயர்பெற்ற பழம்பதி இஃதென்பது தெளிவு. இதனைச் சூழ்ந்த திருவக்கரை, திருவரசிலி, இரும்பைமாகாளம் ஆகிய பதிகள் தொண்டைநாட்டுத் தலங்களுள் வைத்து எண்ணப்படுவன. தெற்கே விழுப்புரத்தைச் சார்ந்த திருவாமாத்தூர், புறவார் பனங்காட்டூர், திருவெண்ணெய்நல்லூர் முதலியன நடுநாட்டுத் தலங்கள் இருபத்திரண்டனுள் அடங்குவன. தென்னார்க்காட்டு மாவட்டத்தினின்றும் 1993-ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் பிரிந்ததும், அதனின்றும் 2019-ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்ததும் அரசியற் பிரிவுகள். சைவர் நெஞ்சில் நிலைத்த பிரிவோ தொண்டைநாடு, நடுநாடு என்பதேயாம்.

இந்நிலத்து ஆறுகள் காவிரிபோல் நெடுநாள் நீரோடும் இயல்பின அல்ல. சங்கராபரணி, பம்பை, பெண்ணை ஆகிய மூன்றும் மழைக்காலத்துப் பெருகி வேனிலில் மணற்பரப்பாய்க் கிடப்பன. ஆதலின் ஆற்றங்கரையில் அமைந்த கோயில்களுக்கும் குளம் இன்றியமையாததாயிற்று. ஆறு வற்றியகாலத்தும் திருமஞ்சனம் வற்றாமைப் பொருட்டே முன்னோர் குளந்தொட்டனர். பெய்யும் மழையை வீணாக்காது தேக்கி, நிலத்தடி ஊற்றையும் காத்த குளம், வழிபாட்டிற்கும் வாழ்விற்கும் ஒருங்கே பயன்பட்டது.

சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரை திருஞானசம்பந்தர் பாடல் பெற்றது. இங்கே சந்திரமௌலீசுவரர் மும்முகமுடைய இலிங்கத் திருமேனியராய் எழுந்தருளியுள்ளார். திருவிசைப்பா அருளிய கண்டராதித்தரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார், முதலாம் இராசராசனது 16-ஆம் ஆட்சியாண்டாகிய 1001-இல் இத்தலத்துச் சிவலோகக் கோயிலைக் கற்றளியாக்கினார். கணவரை இழந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கருங்கற் கோயில்களாக மாற்றிய அம்மாதரசியின் திருப்பணி காவிரி நாட்டளவில் நில்லாது இவ்வாற்றங்கரைக்கும் எட்டியது கருதத்தக்கது.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் மூவர் பாடலும் பெற்ற தலம். பசுக்கள் வழிபட்டமையின் இப்பெயர்த்தாயிற்று என்ப. இதன் தீர்த்தமாகிய பம்பையாற்றைக் குறித்து இரட்டைப் புலவர் வரலாற்றில் ஒரு செய்தி வழங்குகின்றது. அவ்விருவரும் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றின் மேற்கரையில் உள்ளதாகப் பாடிவிட்டனர். உண்மையில் அது கீழ்க்கரையில் இருந்தது. அரங்கேற்றத்திற் கேட்டார் பிழை கூறினர். அன்றிரவு பெருவெள்ளம் எழுந்து ஆறு தன் போக்கினை மாற்றிக்கொள்ள, மறுநாள் கோயில் மேற்கரையதாய் நின்றது என்பர். இதனை அற்புதமெனக் கொள்வார் அவ்வாறே கொள்க. ஆற்றின் வரலாறெனக் கொள்வாரும் இதனாற் பெறுவது ஒன்றுண்டு. மணற்பாங்கான இந்நிலத்தில் ஆறு இடம்பெயர்தல் இயல்பு. தீர்த்தம் பெயரினும் மூர்த்தி பெயராது நின்றமையே இச்செய்தியாற் புலப்படுவது.

பெண்ணையாறோ இந்நாட்டின் பெருந்தீர்த்தம். அதன் ஒரு கரையில் திருக்கோவலூர் வீரட்டமும், மறுகரையில் அறையணிநல்லூரும் நிற்கின்றன. சம்பந்தப்பிள்ளையார் அண்ணாமலையைக் கண்டு தொழுதது அறையணிநல்லூரிலிருந்தே எனப் பெரியபுராணம் கூறும். பாரிமகளிரை அடைக்கலப்படுத்தியபின் கபிலர் தீப்புகுந்த கற்பாறை இவ்வாற்றில் இருத்தலைக் கோவலூர் வீரட்டானத்துச் சோழர் கல்வெட்டு உரைக்கின்றது. ஆண்டுதோறும் தைத்திங்கள் ஐந்தாம் நாள் சுற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் பெண்ணைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்கின்றன. விழுப்புரத்தை அடுத்த பிடாகம் முதலிய இடங்களில் ஆற்றுத்திருவிழா என்னும் பெயரால் பல்லாயிரவர் கூடுகின்றனர். மக்கள் தலந்தோறுஞ் சென்று மூர்த்தியைத் தொழுதல் பிற நாட்களின் வழக்கு. அன்றோ மூர்த்திகளே மக்களோடு கூடித் தீர்த்தத்தை நாடி வருகின்றனர். எளிவந்த அருளுக்கு இதனினும் தெளிவான காட்சி வேறு வேண்டா.

இவ்வாற்றின் தென்பால் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். இங்குள்ள திருக்கோயிலின் பெயர் அருட்டுறை. அருள், துறை என்னும் இரு சொற்களும் புணர்ந்த இப்பெயர், அருளாகிய தீர்த்தம் எனப் பொருள்படுதல் காண்க. புத்தூரில் மணக்கோலத்தோடு இருந்த நம்பியாரூரரை அடிமையோலை காட்டி வழக்கிட்டு வென்ற முதிய வேதியர் புகுந்து மறைந்தது இவ்வருட்டுறையிலேயாம். சுந்தரரது முதற் பதிகம் பிறந்ததும் இங்கேயே.

அவ்வூரே பின்னர், 13-ஆம் நூற்றாண்டில், மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளிய இடமாயிற்று. அவர் பிறப்பு வரலாறு தீர்த்தத்தோடு தொடர்புடையது. நடுநாட்டுப் பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடுவார் பெறும் பயனைக் கூறும் சம்பந்தர் திருப்பாட்டு வந்தது. களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காடு சென்று, சூரியன், சந்திரன், அக்கினி என்போர் பெயரால் அமைந்த மூன்று குளங்களினும் நாள்தோறும் நீராடி வழிபட்டு மகவு பெற்றனர். சுவேதவனப் பெருமாள் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தை தாய்மாமனால் வெண்ணெய்நல்லூரில் வளர்க்கப்பட்டு, பரஞ்சோதி முனிவரால் அருளுபதேசம் பெற்று மெய்கண்டார் என்னும் பெயர் எய்தியது. முன்னர்க் கயிறு சாத்திய பண்டிதர், பின்னர் அக்குழந்தையினிடம் ஆணவமலத்தின் இயல்பை வினவச் சென்று, செருக்கொடு தாம் நின்ற நிலையே அதற்கு விடையாதல் கண்டு, அடிபணிந்து அருணந்தி சிவாசாரியரானார். மூர்த்தி, தலம், தீர்த்தங்களை முறையாகத் தொழுவார்க்கு ஞானாசிரியன் வாய்ப்பன் என்று தாயுமானவர் பிற்காலத்துப் பாடியதற்கு இவ்வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும். மகவு வேண்டி நீராடினார் களப்பாளர். அந்நீராட்டின் பயனாக உலகம் பெற்றதோ ஞானாசிரியன். வேண்டியதைக் காட்டிலும் மிக்கதனை அருளல் இறைவனியல்பு.

அற்றேல், கங்கையிலாயினும் காவிரியிலாயினும் ஆடுதலாற் பயன் யாது என்று திருநாவுக்கரசர் பாவநாசத் திருக்குறுந்தொகையில் வினவியது என்னை எனின், கூறுதும். அத்திருப்பாட்டுத் தீர்த்தத்தை மறுப்பதன்று. இறைவன் எங்கும் நிறைந்திருத்தலை உணராதார்க்குத் தீர்த்தமாடுதலாற் பயனில்லை என்பதே அதன் கருத்து. நீரை மட்டுங் கண்டு நீரிடத்து நிற்கும் அருளைக் காணாதவன் நனைந்து மீள்வானேயன்றிக் கடந்து செல்லான். இக்கருத்துக்கு அரசர் வரலாறே சான்று பகரும். கயிலைக்குச் சென்று உடல் தேய்ந்த அப்பெருமானை, ஆங்கொரு பொய்கையில் மூழ்கச்செய்து திருவையாற்று வாவியில் எழச்செய்தான் இறைவன் எனச் சேக்கிழார் கூறுவர். நடுநாட்டுத் திருவாமூரிற் பிறந்த அவ்வடிகள் கயிலைக் காட்சியைப் பெற்ற வழியும் தீர்த்தமே. ஆகலின் சம்பந்தர் முக்குளத்தைப் புகழ்ந்ததும் அரசர் கங்கையாடலின் பயனை வினவியதும் முரணாகா. ஒருவர் கருவியின் பயனைக் கூறினார். மற்றவர் அக்கருவியைக் கையாளுவானுக்கு வேண்டும் உணர்வைக் கூறினார்.

மெய்கண்டார் கொள்கையும் இதற்கு இயைந்ததே. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலநீக்கத்தை உரைக்குமிடத்துக் கழுவுதல் என்னும் வினையையே ஆள்கின்றது. அடியாரோடு கூடுதலையும், அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலையும் அச்சூத்திரம் கூறுகின்றது. தீர்த்தத்தைத் தனித்து எண்ணவில்லை. எண்ணாமையால் விலக்கியதாகக் கருதற்க. சீவன்முத்தர்க்கும் ஆலயவழிபாடு ஒழியாது எனக் கூறவே, ஆலயத்தோடு ஒன்றாய தீர்த்தமும் உடன் தழுவப்பட்டதாம். எனினும் அவர் கூறிய கழுவுதல் உடம்பின் அழுக்கைப் பற்றியதன்று. திருவடியைச் சேரவொட்டாது தடுக்கும் மலத்தைப் பற்றியது. புறநீராட்டு அவ்வகநீராட்டிற்கு ஏற்ற சரியை நிலையாகும். சரியையைக் கடைப்பட்டதெனத் தள்ளுவோர், களப்பாளர் முக்குளத்தில் இறங்காதிருப்பின் நிகழ்ந்திருக்கக் கூடியதை எண்ணிப்பார்த்தல் நன்று.

இவையனைத்தும் நிற்க, இத்துறைகளின் இன்றைய நிலை வருந்தத்தக்கது. 1958-இல் சாத்தனூர் அணை எழுந்தபின் பெண்ணையின் நீரோட்டம் பெரிதும் அணையின் திறப்பைச் சார்ந்ததாயிற்று. மணல் அள்ளப்பட்டமையின் ஆற்றுப் படுகை தாழ்ந்தது. ஊர்க்குளங்கள் பலவற்றிற்கு நீர்கொணர்ந்த வாய்க்கால்கள் தூர்ந்தும் அடைபட்டும் கிடக்கின்றன. இந்நிலையில் 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவையும் விஞ்சி மழை பெய்தது. அடுத்து வந்த நாட்களில் பெண்ணை கரைபுரண்டு ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. வேனிலில் நீரின்றி வெறுமணலாய்க் கிடந்த ஆறே மழைக்காலத்தில் அடங்காத வெள்ளமாயிற்று. வாய்க்காலும் குளமும் ஏரியும் செவ்வையாய் இருந்திருப்பின் அவ்வெள்ளத்தில் ஒருபகுதியேனும் ஊருக்கு உதவும் நீராய்த் தங்கியிருக்கும். முன்னோர் குளந்தொட்டதன் பயனை இத்துன்பம் மீண்டும் உணர்த்திற்று.

குளத்தைத் தூர்வாருதலும் வரத்துக்காலைத் திருத்துதலும் உழவாரப்பணியின் பாற்படுவனவே. உழவாரப்படை ஏந்திய பெருமான் பிறந்த நாட்டிலே அப்பணி செய்யாதொழிதல் தகாது. தீர்த்தத்தில் மூழ்கிப் பயன்பெற விரும்புவோர் முதலில் அத்தீர்த்தத்தைக் கழுவுதல் முறை. அங்ஙனம் கழுவுவார் உள்ளத்தும் அருள்நீர் ஊறும். அவர்க்கு அருட்டுறை நெடுந்தொலைவிலன்று.