கலாசாலைப் பலகையும் நம்மூர் மாணாக்கரும்

கல்வி மக்கட்கு உறுதி பயப்பது என்பதை மறுப்பார் இன்று நம் சமூகத்தில் ஒருவரும் இலர். சந்தையில் ஆடு விற்ற பணத்தைக் கொண்டும், தக்காளி விளைத்த பணத்தைக் கொண்டும், அவையும் போதாவிடின் நகையை அடகு வைத்தும் மக்களைக் கலாசாலைக்கு அனுப்பும் பெற்றோர் நம் அய்யலூரிலும் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலும் பலர் உளர். இது மகிழத்தக்கதே. ஆயினும், கலாசாலையில் நம் மக்கள் பெறற்பாலன எவை என்று வினவின், ‘பாடம், பரீட்சை, பட்டம்’ என்னும் மூன்று சொற்களே பெரும்பாலார் வாயினின்று வருகின்றன. இம்மூன்றும் கலாசாலையின் ஒரு பாதியே. மற்றைப் பாதி அதன் அறிவிப்புப் பலகையில் எழுதப்பெறுகின்றது என்பதைச் சரித்திர வாயிலாக எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரில் ஒரு செய்தியை அறிவிக்க வேண்டின் தண்டோரா போடுவது நம் முன்னோர் வழக்கம். அவ்வோசை கற்றார்க்கும் கல்லார்க்கும், வீட்டிலிருப்பார்க்கும் வயலில் நிற்பார்க்கும் ஒருங்கே சென்று சேர்ந்தது. கலாசாலைப் பலகையோ அத்தகையதன்று. தன் முன் நின்று படிப்பவர்க்கு மட்டுமே அது பேசும். தமிழ் மன்றத்துச் சொற்போர், தேசிய மாணவர் படைக்கு ஆள் சேர்த்தல், சிற்றூர் முகாம், இரத்த தானம், விளையாட்டுப் போட்டி, உதவித்தொகை விண்ணப்பத்திற்குரிய கடைசி நாள் ஆகிய யாவும் அதன்கண் இடம்பெறும். இக்காலத்தில் இவ்வறிவிப்புகள் கைப்பேசிக் குழுக்களிலும் வருகின்றன. எனினும், படிப்பவனுக்கே பயன் என்னும் இயல்பு மாறிற்றில்லை.

மாணாக்கர் பாடத்திற்கு அப்பால் ஒன்றுகூடிச் செயலாற்றுதல் நேற்று முளைத்த வழக்கமன்று. கல்கத்தாவில் 1817-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்துக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த டெரோசியோ என்னும் இளைஞர், 1828-இல் மாணாக்கரைக் கொண்டு ஒரு சொற்போர்க் கழகம் அமைத்தார். சமயம், சாதி, பெண்கல்வி முதலிய பொருள்களை மாணாக்கர் அஞ்சாது ஆராயத் தொடங்கவே, பெற்றோர் பலர் கலக்கமுற்றுத் தம் பிள்ளைகளைக் கலாசாலையினின்று விலக்கிக்கொண்டனர். 1831-இல் டெரோசியோ பதவி துறக்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இருபத்திரண்டு வயதில், அவர் காலமானார். ‘படிக்கப் போன பிள்ளைக்குச் சங்கம் எதற்கு?’ என்று நம்மவர் இன்று கேட்கும் கேள்வி ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழமையுடையது என்பது இதனால் விளங்கும்.

தமிழ் வழங்கும் நிலங்களில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணமாகும். அங்கே 1924-ஆம் ஆண்டில் ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் கூடி மாணவர் காங்கிரஸ் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927-இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது அவரை வரவேற்றுப் பணிபுரிந்தோருள் இவ்விளைஞரும் இருந்தனர். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஓரிருக்கையில் அமர்தல் வேண்டும் என்று தம் சொந்தச் சமூகத்துப் பெரியோரையே எதிர்த்து வழக்காடியவர்கள் அவர்கள்.

இனி, பெற்றோரின் அச்சம் காரணமற்றதென்று கூறுதலும் நேர்மையாகாது. 1965-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் மதுரையில் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்ற மாணாக்கர் ஊர்வலம் கைகலப்பில் முடிந்தது. கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. ஜனவரி 27-ஆம் நாள் சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை மாணாக்கர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். தமிழுக்காக மாணாக்கர் காட்டிய உறுதியை நாடு மறவாது. ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு உடலைப் பெற்ற பெற்றோரின் துயரையும் நாம் மறத்தலாகாது. இளைஞரின் ஊக்கம் வெள்ளம் போல்வது. அதற்கு வாய்க்கால் வேண்டுமேயன்றி, அணை மட்டும் கட்டி அடக்கிவிட இயலாது.

அத்தகைய வாய்க்கால் ஒன்று நம் மாவட்டத்திலேயே வெட்டப்பெற்றது என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். திண்டுக்கல்லினின்று மதுரைக்குச் செல்லும் வழியில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே அமைந்த காந்திகிராமமே அது. அதனை 1947-ஆம் ஆண்டு தோற்றுவித்தோர் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் ஆவர். அம்மையார் மதுரையில் போக்குவரத்துத் தொழிலில் பெயர் பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளார். இளமையிலேயே கணவரை இழந்த அவர், அக்காலத்து வழக்கப்படி மூலையில் ஒடுங்கி விடாது, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கலாசாலையில் பயின்று வைத்தியரானார். இராமச்சந்திரன் கேரளத்தவர், தாகூரின் சாந்திநிகேதனத்தில் பயின்று காந்தியடிகளின் சீடரானவர். 1940-இல் நிகழ்ந்த இவ்விருவர் திருமணம் சாதியையும் மொழியையும் கடந்தது. நம் வேடசந்தூர்த் தொகுதியினின்று 1957-இல் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றவரும் இவ்வம்மையாரே. பின்னர் 1962-இல் திண்டுக்கல்லினின்று பாராளுமன்றம் புகுந்து மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார்.

அந்நாளில் நாட்டின் உயர்கல்வியை ஆராயுமாறு 1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அதன் உறுப்பினருள் ஒருவர் ஆர்தர் மார்கன் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர்; அந்நாட்டின் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்தை முதலில் தலைமை தாங்கி நடத்தியவர். கிராம மக்களின் வாழ்வோடு இயைந்த கிராமியச் சர்வகலாசாலைகள் வேண்டும் என்று அக்குழு 1949-இல் பரிந்துரைத்தது. இதனையொட்டி 1956-இல் நாட்டின் பல பகுதிகளில் கிராமியக் கல்வி நிலையங்கள் எழுந்தன. சாந்திநிகேதனத்தை அடுத்த ஸ்ரீநிகேதனம், தில்லி ஜாமியா, கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயம் ஆகியவற்றோடு காந்திகிராமமும் அவ்வரிசையில் இடம்பெற்றது.

அந்நிலையத்தின் சிறப்பு யாதெனின், பிற கலாசாலைகளில் பலகையின் ஓரத்தில் எழுதப்படும் காரியங்கள் அங்கே பாடத்தின் நடுவே வைக்கப்பெற்றமையேயாம். மாணாக்கர் ஆசிரியரோடு சிற்றூர்களுக்குச் சென்று சில நாள் தங்குவர். வீடுவீடாகச் சென்று குடும்ப நிலை, கிணற்று நீர், விளைச்சல், கடன் ஆகியவற்றைக் கேட்டெழுதுவர். தெருவைத் துப்புரவு செய்வர். ஊராரோடு கலந்து அவர்தம் குறைகளைக் கேட்பர். ஆயுதமின்றி அமைதி காத்தலையும் தொண்டு புரிதலையும் பயிற்றும் ‘சாந்தி சேனை’ என்னும் மாணாக்கர் அணியும் அங்கே அமைந்தது. கருப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1959-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா வந்தபோது காந்திகிராமத்திற்கும் வந்து சென்றார்.

இவ்வழி எளிதாக இருந்ததெனக் கருதற்க. அந்நிலையங்கள் வழங்கியது பட்டமன்று. கிராமச் சேவைக்குரிய பட்டயமே. ‘பி.ஏ. என்று போடாத காகிதத்திற்கு வேலை கிடைக்குமா?’ என்னும் ஐயம் பெற்றோரை வாட்டிற்று. நாளடைவில் அந்நிலையங்களுட் பல, சாதாரணக் கலாசாலைகளைப் போலவே மாறிவிட்டன. காந்திகிராமமோ சிற்றூர்ப் பணியைக் கைவிடாமலே வளர்ந்து, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பட்டமும் பெறலாம், பணியும் செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

இக்கருத்து பின்னர் நாடு தழுவியதாயிற்று. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணாக்கரைக் கொண்டு தொடங்கப்பெற்றது. அதில் சேரும் மாணாக்கன் ஈராண்டில் 240 மணி நேரம் பணி செய்தல் வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமிலும் தங்குதல் வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகள் பயிலும் கலாசாலைகளின் பலகைகளில் ஆண்டுதோறும் காணப்படும் முகாம் அறிவிப்பின் வரலாறு இதுவாகும்.

சமூகச் சங்கங்கள் தத்தம் மக்களுக்குப் பள்ளியும் விடுதியும் கண்டமை தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் மறைக்கவியலாத ஓர் அதிகாரம். விருதுநகரில் வணிகர் மகமைப் பணங்கொண்டு 1889-இல் எழுப்பிய க்ஷத்திரிய வித்தியாசாலை யாவரும் அறிந்ததே. நம் சங்கமும் அவ்வழியைப் போற்றுவதே. ஆயினும், சங்கத்தின் வேலை பிள்ளையைக் கலாசாலை வாயில் வரையில் கொண்டுவிடுதலாகும். வாயிலைக் கடந்தபின் அவன் நம்மவன் மட்டும் அல்லன். முகாமில் ஒரே பாயில் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, பிறர் தெருவைக் கூட்டிய பிள்ளை, ஊர் திரும்பியபின் எந்தத் தெருவையும் அயல்தெருவாக எண்ணான். இதனை நம்முள் சிலர் அஞ்சுகின்றனர். தம் குலத்தார் கற்றுயர்தல் வேண்டும், ஆயின் பிறரோடு கலத்தல் வேண்டா என்பது, ஆற்றில் இறங்கி நீராடுக, ஆயின் உடல் நனையற்க என்பது போலாம்.

இனி நம்மூர் நிலையைச் சிறிது நோக்குவோம். இங்கிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் பேருந்தை நம்பியவர்கள். கடைசி வகுப்பு முடிந்தவுடன் நிறுத்தத்திற்கு ஓடுவர். மன்றக் கூட்டமும் பேச்சுப் பயிற்சியும் அதன் பின்னரே தொடங்கும். யான் அறிந்த ஒரு மாணாக்கன் வகுப்பில் முதல்வன். எனினும் உதவித்தொகைக்குரிய அறிவிப்பு பலகையில் பல நாள் இருந்தும் அதனை நின்று படித்தானல்லன். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அதனைப் பற்றிப் பிறரைக் கேட்க நாணினான். அலுவலகத்தாரும் வகுப்பிற்கு வந்து வாயாற் சொன்னாரில்லை. கடைசி நாள் கழிந்தது. அவ்வாண்டுக் கட்டணத்திற்கு அவன் தந்தை வட்டிக்குப் பணம் வாங்கினார். பெண்மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முகாம் என்றவுடனே ‘வெளியூரில் தங்குவதா?’ என்னும் சொல்லால் அப்பேச்சு முடிந்துவிடுகின்றது.

அரசினர் உதவிகள் இல்லாமலில்லை. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. ஆண்மக்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்தது. உதவி உண்டு என்றறியாத குடும்பத்திற்கு அது இருந்தும் இல்லாததே.

ஆதலின் அன்பர்கள் கருத்திற்கு மூன்றைக் கூற விழைகின்றேன். முதலாவது, கலாசாலை செல்லும் பிள்ளையை மாலையில் ‘இன்று என்ன பாடம்?’ என்று கேட்பதோடு ‘இன்று பலகையில் என்ன எழுதியிருந்தது?’ என்றும் பெற்றோர் கேட்டல் வேண்டும். எழுத்தறியாத தாயும் இக்கேள்வியைக் கேட்கலாம். இரண்டாவது, நம் சங்கக் கட்டடத்தின் முகப்பில் ஒரு பலகை வைத்து, திண்டுக்கல் வட்டாரத்துக் கலாசாலைகளின் உதவித்தொகை, முகாம், போட்டி ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். அதனை எழுதும் பணியைக் கலாசாலையில் பயிலும் நம் இளைஞரிடமே ஒப்புவித்தல் தக்கது. ஊரில் எந்தச் சமூகத்துப் பிள்ளை வந்து படித்தாலும் அப்பலகை பயன்படுக. மூன்றாவது, ஆண்டிற்கு ஒரு முறையேனும் ஒரு முகாமிற்கோ மன்றத்திற்கோ மகனுக்கும் மகளுக்கும் மனமுவந்து விடை கொடுத்தல் வேண்டும். மகளின் பாதுகாப்புப் பற்றி ஐயமிருப்பின், தந்தை நேரிற் சென்று ஆசிரியரைக் கண்டு கேட்டறியலாம். கேளாமலே மறுத்தல் முறையன்று.

பட்டம் ஒருவனுக்கு வேலையைத் தரலாம், தராமலும் போகலாம். நாலு பேர் முன் நின்று பேசவும், அயலார் துயரைக் கேட்டெழுதவும், பிறரோடு கூடி ஒரு காரியத்தை முடிக்கவும் கற்றவன் எங்கிருந்தாலும் பயன்படுவான். நம் மக்கள் அவ்விரண்டையும் பெற்று ஊர் திரும்புவாராக. சங்கமும் நாடும் அவரால் தழைத்தோங்குக.