தாயின் குருதியில் ஒரு சோதனை



பறங்கி என்னும் சொல் நம் கரையோர மக்களுக்குப் புதிதன்று. கற்பிட்டிக் கோட்டையைக் காட்டிப் பறங்கியர் கதையும் ஒல்லாந்தர் கதையும் சொல்லாத ஆசிரியர் புத்தளத்தில் அரியர். அச்சொல்லே நோய்க்கும் பெயராயிற்று, ஒன்றுக்கன்று, இரண்டுக்கு. தமிழில் பறங்கிப்புண் என்பது ஆண் பெண் உறவால் தொற்றும் சிபிலிஸ் என்னும் மேகநோய். சிங்களத்திலோ பறங்கி என்பது கிராமத்துச் சிறுவரின் தோலைப் புண்ணாக்கிய வேறொரு நோய். ஆங்கிலேயர் அதனை யாஸ் என்றனர். 1881ஆம் ஆண்டில் இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி அதுபற்றித் தனியறிக்கையே எழுதினார்.

இரண்டும் நெருங்கிய உறவுடைய கிருமிகளால் வருவன. 1905இல் ஜெர்மனியில் ஷௌடினும் ஹொஃப்மனும் சிபிலிஸின் திருகுவடிவக் கிருமியைக் கண்டனர். அதே ஆண்டில், கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்தெல்லானி யாஸின் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு வாசர்மன் வகுத்த குருதிச் சோதனையோ இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாது. சிறுவயதில் பறங்கி வந்த பெண்ணொருத்தி, பின்னாளில் மேகநோயாளி என்ற பழியைச் சுமக்க நேர்ந்திருக்கலாம். மேகநோய் உற்றவள் மட்டும் பழிக்கு உரியவளா என்பது வேறு கேள்வி. கணவனிடமிருந்து பெற்ற நோய்க்கு அவள் என் செய்வாள்?

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. முதற்புண் வலியின்றித் தோன்றித் தானே மறையும். தாய் நலமாகவே இருப்பாள். கிருமியோ நச்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். கருச்சிதைவு, செத்துப் பிறத்தல், உயிர் பிழைத்தால் பிற்காலத்தில் செவிட்டுத்தன்மை, கண் மங்கல் என விளைவுகள் பல. 1943இல் அமெரிக்க மருத்துவர் மஹோனி பெனிசிலினால் இந்நோய் குணமாவதைக் காட்டினார். மருந்து கிடைத்தது, ஆனால் எவளுக்குக் கொடுப்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே எல்லாத் தாய்மாரையும் சோதிப்பதே வழியாயிற்று. 1946இல் வந்த வீ.டீ.ஆர்.எல். சோதனை அதனை எளிதாக்கியது. மாட்டின் இதயத்திலிருந்து எடுக்கும் கொழுப்புப் பொருளைக் குருதி நீருடன் கண்ணாடித் தகட்டில் கலப்பர். துகள் திரண்டால் ஐயம், திரளாவிடில் ஆறுதல். ஐயமுற்றால் வேறொரு சோதனையால் உறுதி செய்வர்.

நம் நாட்டில் இது வேரூன்றக் காரணம், பாதை ஏற்கெனவே இடப்பட்டிருந்தமையே. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றியது. அம்முறை பரவ, மருத்துவமாது வீடு தேடி வரலானாள். 1950களில் கர்ப்பிணிகளின் குருதிச் சோதனை தொடங்கியபோது, புதிய கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. 2019 டிசம்பரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒழிப்பு எனின் ஒருவரும் இல்லை என்பதன்று. உயிருடன் பிறக்கும் இலட்சம் குழந்தைகளுக்கு ஐம்பதுக்கு மேற்படாதிருத்தலும், தாய்மாரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கேனும் சோதனை நடத்தலும் அதன் நிபந்தனைகளுட் சில.

எஞ்சிய ஐவர் யாவர் என்பதே என் கவலை. நம் கரை ஓரிடத்தில் நில்லாத கரை. தென்மேற்குக் காற்று எழுந்து கடல் கொந்தளித்ததும் உடப்பு மீனவர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் பெயர்வர். கடல் தணிந்ததும் மீள்வர். கற்பிட்டிப் பக்கம் தெற்கிலிருந்து வருவோர் வாடி அமைப்பர். பள்ளிக்கூட இடாப்பில் பிள்ளைகளின் பெயர் திடீரெனக் குறைவதும் கூடுவதும் இதனாலேதான். அதனை ஆண்டுதோறும் கண்டவன் யான். அவ்வாறே, இங்கே குருதி கொடுத்த தாயொருத்தி முடிவு வருமுன் அங்கே போய்விடக்கூடும். சிகிச்சையோ பிரசவத்திற்கு முப்பது நாளேனும் முந்தித் தொடங்கினாற்றான் சேயைக் காக்கும். கணவனுக்கும் மருந்து கொடாவிடில் நோய் மீண்டும் தொற்றும். அவனோ படகில் இருப்பான்.

ஆதலால் வாடிக்குப் போகும் பெண்கள் சமையற் பாத்திரங்களோடு கர்ப்பிணிப் பதிவு அட்டையையும் கட்டிக்கொள்ள வேண்டும். போன இடத்து மருத்துவமாது முதலில் கேட்பது அதனைத்தான். அதில் குருதிச் சோதனையின் முடிவு எழுதப்பட வேண்டிய இடம் வெறுமையாயிருந்தால், அன்றே மறுபடி குருதி கொடுக்க வேண்டும்.