அடைவுகடையும் அறக்கட்டளையும்

வியா மக்வேதாவால் நடந்து மாசிமோ தியேட்டர் முன்றலுக்கு வந்தால், எதிர்ப்பக்கம் ஒடுங்கிய தெரு ஒன்று கீழே இறங்கும். அந்தத் தெருவில்தான் பிராஞ்சிபோர்த்தே மாளிகை இருக்கிறது. இத்தனை வருடமாய் அதைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன், உள்ளே போனது ஒருமுறைதான்.

உள்ளே கூரை மட்டும் மரத்தட்டுகள், படிகள், ஒடுங்கிய நடைபாதைகள். 1801 இலிருந்து அது நகரத்தின் அடைவுகடை. சாந்தா ரொசாலியாவின் பெயரால் நடந்தது. பலெர்மோவின் ஏழைச்சனம் கட்டில் விரிப்பையும் உடுப்பையும் கட்டிக்கொண்டுவந்து ஈடு வைத்துக் காசு வாங்கிப்போன இடம். தாலிக்கொடியை அடைவு வைத்து ஏஜென்சிக்காரனுக்குக் கட்டி வந்தவர்கள் நாங்கள். அந்தத் தட்டுகளைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

இன்று அந்தக் கட்டிடம் சிசிலியா அறக்கட்டளையின் சொத்து. கே அவுலெந்தி என்ற கட்டிடக்கலைஞரைக் கொண்டு திருத்தி 2012 இல் திறந்தார்கள். இந்த அறக்கட்டளைக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கதை. 1990 இல் அமாத்தோ சட்டம் என்று ஒன்று வந்தது. பொதுவுடைமையாய் இருந்த வங்கிகளை இரண்டாய்ப் பிரித்தார்கள். வியாபாரம் ஒரு கம்பனிக்குப் போனது. அந்தக் கம்பனியின் பங்குகள் ஒரு அறக்கட்டளையிடம் போயின. பங்கின் வருமானத்தை ஊர் நன்மைக்குச் செலவழிக்க வேண்டும். பாங்கோ டி சிசிலியாவுக்கும் இதுதான் நடந்தது. வங்கி பிறகு யூனிகிரெடிட்டுக்குள் கரைந்துபோனது, அறக்கட்டளை மிஞ்சியது.

ஆனால் காசுள்ள வங்கிகள் இருந்தது வடக்கில். ஆகவே அறக்கட்டளைகளும் வடக்கில்தான் கொழுத்தன. தெற்குக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவையும் தொண்டர் அமைப்புகளும் பேசி, 2006 நவம்பரில் 'தெற்குக்கான நிதியம்' உருவானது. இப்போது 'கொன் இல் சூத்' என்கிறார்கள். மெசினாவில் 2010 இல் தொடங்கிய சமூக நிதியம் போன்றவற்றுக்குக் கைகொடுத்ததும் இதுதான். ஊர் சேர்க்கிற முதலுக்குச் சமமாய்த் தன் பங்கையும் போட்டது.

சமூக நிதியம் என்ற யோசனை பழையது. 1914 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பிரெடெரிக் கோஃப் என்ற வங்கிக்காரர் தொடங்கியது. செத்தவர் எழுதிவைத்த உயில், காலம் மாறினாலும் மாறாது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1851 இல் இறந்த ஒருவர், மேற்கே குடியேறப் போகிற வழியில் தவிக்கும் ஏழைகளுக்கென்று சொத்தின் மூன்றிலொன்றை எழுதிவைத்தார். (எங்களைப் போன்ற வழிப்போக்கருக்குத்தான்!) குடியேற்ற அலை ஓய்ந்த பிறகும் காசு அந்தப் பெயரிலேயே கிடந்தது. கோஃப் சொன்னது, காசு நிரந்தரமாய் இருக்கட்டும், எதற்குக் கொடுப்பது என்பதை அந்தந்தக் காலத்தில் ஊர்க்காரர் குழு முடிவு செய்யட்டும் என்று.

அந்த முடிவு எப்படி நடக்கிறது? முதலில் அறிவித்தல் வரும். இத்தாலியனில் 'பாந்தோ'. எந்த வேலைக்கு, எவ்வளவு, யார் கேட்கலாம், எந்தத் திகதிக்குள் என்று இருக்கும். அமைப்பின் யாப்பு, கணக்கறிக்கை, செலவுத்திட்டம் எல்லாம் வைக்கவேண்டும். மதிப்பீட்டாளர் புள்ளி போடுவார்கள், நிர்வாகசபை முடிவெடுக்கும். பெரும்பாலும் தனியே கேட்கமுடியாது, வேறு அமைப்புகளோடு சேர்ந்து கேட்கவேண்டும். செலவில் ஒரு பங்கை, இருபது வீதம் அளவு, கேட்பவரே போடவேண்டும். கிடைத்தாலும் காசு துண்டுதுண்டாய்த்தான் வரும், பற்றுச்சீட்டுக் காட்டக்காட்ட.

சில வருடங்களுக்கு முன் எங்கட பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்த ஒரு நிதியத்திடம் கேட்கலாம் என்று நாங்கள் ஐந்தாறு பேர் கூடினோம். கையில் இருந்தது ஒரு கொப்பி. யார் எவ்வளவு தந்தது, கதிரை வாடகை, தேத்தண்ணிச் செலவு, சதம் பிசகாமல் எழுதியிருந்தது. யாப்பு இல்லை. வரி இலக்கம் இல்லை. "உங்களைத் தெரியும், ஆனால் கடதாசியில் நீங்கள் இல்லையே" என்றார் உதவவந்த இத்தாலிய ஆசிரியை. கொப்பியை மூடிவைத்தோம்.

அன்று கோபம் வந்தது. இப்போது முழுக்க அவர்கள் பிழை என்று சொல்லமாட்டேன். ஊர்க்காசைக் கொடுப்பவன் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல இத்தாலியனில் திட்டம் எழுதத் தெரிந்தவனுக்கே திரும்பத்திரும்பப் போகிறது என்பதும் உண்மை. எங்களிடமும் குறை உண்டு. எங்கட ஊர்ச்சங்கங்கள் லண்டனிலும் கனடாவிலும் காசு சேர்த்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகின்றன. எந்தப் பள்ளிக்கூடம் என்று யார் தீர்மானிக்கிறது? அதிகம் தந்தவர், இல்லாவிட்டால் உரத்துக் கதைக்கிறவர். புள்ளியும் இல்லை, அறிவித்தலும் இல்லை. நாற்பது வருடமாய் இந்த நகரத்தில் இருக்கிறோம், ஞாயிறுகளில் பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறோம். இங்கே செலவழிக்க ஒரு பொதுப்பெட்டி எங்களிடம் இல்லை.

2017 இல் தொண்டு அமைப்புகளுக்கென்று தனிச்சட்டம் வந்தது, 2021 நவம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு திறந்தது. அந்த வகுப்புக்கு வந்திருக்கவேண்டிய பிள்ளைகளில் ஒருத்தி இப்போது சட்டம் படிக்கிறாள். வந்து கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். யாப்பு எழுத உட்கார்ந்திருக்கிறோம். முதல் பிரிவு சங்கத்தின் பெயர். இரண்டு ஞாயிறு போய்விட்டது, இன்னும் பெயரில்தான் நிற்கிறோம்.