மணலில் எழுதியவர்களும் மடிக்கணினியில் தட்டியவர்களும்

போன செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னலில் நான் வாங்கிய மார்க் 25க்கு 9. இத்தனைக்கும் வகுப்பில் சார் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. மார்ஜினல் காஸ்டிங் பாடம் மட்டும் 40 பக்கத்துக்கு மேல் லேப்டாப்பில் இருக்கிறது. சார் நடுவில் இருமியதைத்தான் தட்டாமல் விட்டேன். பக்கத்து பெஞ்சு நண்பன் வைத்திருந்தது கையால் கிறுக்கிய ஆறு தாள். அவன் 21.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஆச்சி தீர்ப்பு சொல்லிவிட்டாள். "கையால எழுதுனாத்தாம்ல மண்டையில நிக்கும்." எண்பது தாண்டியவள். சிற்றாற்று மணலைத் தரையில் பரப்பி, விரலால் எழுதி 'அ' பழகியவள். அவளோடு வாதாட முடியாது. ஆனால் ஆச்சி சொன்னது சரிதானா என்று தேடிப் படிக்கலாமே? அப்படிப் படித்ததுதான் இது.

மணலில் எழுதுவது திண்ணைப் பள்ளிகளின் முதல் பாடம். வாய் எழுத்தைச் சொல்லும், விரல் அதை எழுதும். கை பழகிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். அங்கே சொல்லிக்கொடுத்த நீதி நூல்களில் ஒன்று வெற்றி வேற்கை. அதை எழுதியவர் நம்ம ஊர்க்காரர்தான், 16ஆம் நூற்றாண்டில் தென்காசியை ஆண்ட அதிவீரராம பாண்டியர். (பரீட்சைக்குப் படித்திருப்போம், ஊர்க்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?)

காமர்ஸ் மாணவனான என்னை இழுத்தது இன்னொரு சுவடி, எண்சுவடி. நம்ம வாய்ப்பாட்டின் பாட்டன். அதில் முழு எண்கள் மட்டுமில்லை. கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னங்களுக்கும் பெருக்கல் உண்டு. கால்குலேட்டர் இல்லாமல் 1/320 வரைக்கும்! நெல் அளக்க, நிலம் அளக்க, வட்டி போட இது வேண்டும். அச்சுப் புத்தகம் கிடையாது என்பதால் பையன் தனக்கான ஏட்டைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. ஏட்டைப் பார்க்காமல் வாத்தியாரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ ஒப்பிக்க வேண்டும். தவறினால் பிரம்பு.

நிற்க. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. ஆனால் அங்கே உட்கார்ந்து படித்த பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. பல சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏறவே இடமில்லை. ஆச்சிக்குக் கிடைத்த மணல் அவளுடைய ஆச்சிக்குக் கிடைக்கவில்லை.

இந்த மணல் கடல் தாண்டிய கதையும் உண்டு. 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கியது. அதைக் கவனித்துக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார், தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டார். 1797ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 1811க்குப் பிறகு இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் இதைப் பின்பற்றின. பெயரே 'மெட்ராஸ் முறை'தான். காகிதச் செலவு மிச்சம் என்பதும் அவர்களுக்கு ஒரு காரணம்.

இதுவரை ஆச்சி கட்சி ஜெயிக்கிறது. இங்கேதான் ஒரு சிக்கல்.

கையால் எழுதினாலே மண்டையில் ஏறும் என்றால், ஓலைச்சுவடியைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தவர்கள் எல்லாரும் பெரும் புலவர்களாகியிருக்க வேண்டும். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி ஏன் வந்தது? ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். பொருள் தெரியாதவன் அதைப் படியெடுத்தால் என்ன ஆகும்? உ.வே.சா. 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்குள் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பட்ட பாடு இதற்குச் சாட்சி. கை எழுதியது, மண்டை வேலை செய்யவில்லை.

கிட்டத்தட்ட என் 40 பக்கம் மாதிரியே.

தட்டச்சு விஷயத்திலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ஆர்.முத்தையா 1930களில் தமிழ் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். நம்ம ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இல்லாத பஜார் உண்டா? பிளஸ் டூ லீவில் நானும் போனேன். ஆங்கில லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. முதல் வாரமே மாஸ்டர் சொன்னது: "அர்த்தத்தைப் பாக்காத, எழுத்தைப் பாரு. அர்த்தம் பாத்தா ஸ்பீடு வராது." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வேலைக்கு அதுதான் வேண்டும். நான்தான் அந்தப் பாடத்தைக் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புக்குள் கொண்டுபோய்விட்டேன்.

2014ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் அதிக வார்த்தைகளைத் தட்டினார்கள், பேச்சை அப்படியே தட்டினார்கள். தகவல் கேள்விகளில் இரு தரப்பும் சமம். புரிதல் கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். 'அப்படியே தட்டாதீர்கள்' என்று எச்சரித்தும் பலன் இல்லையாம்! அந்தக் கட்டுரை உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் 2019லும் 2021லும் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அப்படியே தட்டும் பழக்கம் தெரிந்தது, மார்க்கில் அந்தத் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. பேனாவுக்கு மந்திர சக்தி இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேலை செய்திருக்க வேண்டுமே!

என் கணிப்பு இதுதான்: திண்ணையில் வேலை செய்தது எழுத்தாணி மட்டுமில்லை, ஏட்டை மூடிவைத்துவிட்டு ஒப்பித்ததும்தான். நண்பனின் ஆறு தாளும் அப்படித்தான். கை சாரைத் துரத்திப் பிடிக்க முடியாததால் எதை விடுவது என்று அவன் யோசிக்க வேண்டியிருந்தது. எனக்கு விரல் வேகம் இருந்தது, யோசிக்க அவசியமே வரவில்லை. 2011 முதல் பல வருஷம் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுத்தது. எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்ட அக்காக்கள் பலர் அதில்தான் தொட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. லேப்டாப்பை நானும் விடவில்லை.

இப்போது வகுப்பில் தட்டுகிறேன். ராத்திரி அதை மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுகிறேன். முதல் நாள் பிரேக் ஈவன் பாயின்ட்டுக்கு நான்கு வரிக்கு மேல் வரவில்லை. எழுதி முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சி, அது என்னடா என்று கேட்டாள். எவ்வளவு விற்றால் போட்ட காசு திரும்ப வரும் என்ற கணக்கு என்றேன். ஒரு மூட்டை அரிசி, வண்டிக்கூலி, கடை வாடகை என்று கேட்டுக்கொண்டே போனவள், பேனா கேட்கவில்லை. மடியில் சேலை மேல் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் விடை சொல்லிவிட்டாள்.