காரணத்தை யார் எழுதுவது?

தேர்தல் வந்துவிட்டால் நம்ம சனங்களைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதும். சேரி ஓட்டு எத்தனை சதவீதம், எந்தப் பக்கம் சாயும், யார் பிரிப்பார் என்று கணக்குப் போடும். முடிவு வந்த பிறகு நாம் ஏன் ஜெயித்தோம், ஏன் தோற்றோம் என்ற காரணத்தையும் அவர்களே எழுதிவிடுவார்கள். நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்கிறதில்லை. காரணம் எழுதும் இந்த அதிகாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் அதில் ஒரு முக்கியமான அத்தியாயம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் போகணும். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்கு விளம்பரம் போடச் சொல்லிக் 'கேசரி'க்குக் காசு கொடுத்தும் மறுத்துவிட்டார்கள். செய்தி போட மறுக்கவில்லை, காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடவே மறுத்தார்கள். அப்புறம் 1927இல் 'பகிஷ்கிருத பாரத்', 1930இல் 'ஜனதா' என்று அவர் விடாமல் பத்திரிகை நடத்தினார். தமிழ் மண்ணில் அதற்கும் முன்பே, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் நடத்தினார்கள். இவர்கள் பொழுதுபோகாமல் பத்திரிகை ஆரம்பித்தவர்கள் அல்ல. தங்கள் மக்களைப் பற்றிய செய்தி யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தவர்கள்.

1937இல் மாகாணச் சட்டசபைகளுக்குத் தேர்தல் நடந்தது. தீண்டப்படாதோருக்கும் தாங்களே பிரதிநிதி என்று காங்கிரஸ் உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டது. அம்பேத்கர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ஒதுக்கப்பட்ட இடங்கள் 151, காங்கிரஸ் பிடித்தவை 78. மீதி 73 அவர்கள் கையில் இல்லை. அந்த 78இலும் தீண்டப்படாதோர் ஓட்டால் கிடைத்தது எவ்வளவு, சாதி இந்துக்களின் ஓட்டால் கிடைத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டினார். 1945இல் வெளிவந்த நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. இவ்வளவு தெளிவான கணக்கு ஏன் வெளியே போகவில்லை என்பதற்கும் அதே நூலில் பதில் சொல்கிறார். தீண்டப்படாதோருக்குப் பத்திரிகை கிடையாது. செய்திகளை விநியோகிக்கும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமோ சென்னை மாகாணப் பார்ப்பனர்களால் நிரம்பியது, அவர்கள் காங்கிரசுக்கு எதிரான செய்தியை வெளியே விடமாட்டார்கள் என்கிறார். தமிழ்நாட்டுக்காரர்களான நாம் இந்த இடத்தை நின்று படிக்க வேண்டும்.

இனி 1951க்கு வருவோம். செப்டம்பர் 27 அன்று அம்பேத்கர் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார். அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல எழுந்தபோது, அறிக்கையின் நகலை முன்கூட்டியே தரவேண்டும் என்றார் துணைச் சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார். இது தணிக்கை என்று சொல்லி அம்பேத்கர் வெளியேறினார். அறிக்கையை வெளியில் வெளியிட்டார்.

அந்த அறிக்கையின் தொடக்கத்திலேயே பத்திரிகைகளைப் பற்றிப் பேசுகிறார். நமது பத்திரிகைகளுக்குச் சிலர்மேல் பாசமும் சிலர்மேல் வெறுப்பும் வெகுகாலமாக உண்டு. எங்கே வெற்றிடம் தெரிந்தாலும் தாங்களே ஒரு காரணத்தை எழுதி அதை நிரப்பிவிடுவார்கள், தன் விஷயத்திலும் அது நடந்திருக்கிறது என்கிறார். உடம்பு சரியில்லாததால் விலகினார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, நோய்க்காகக் கடமையை விடும் ஆள் தான் இல்லை என்கிறார். பிறகு உண்மையான காரணங்களை அடுக்குகிறார். பொருளாதாரத் துறைகள் எதுவும் தனக்குத் தரப்படவில்லை. தாழ்த்தப்பட்டவர்களையும் பிற்படுத்தப்பட்டவர்களையும் அரசு நடத்தும் விதம் சரியில்லை. வெளிநாட்டுக் கொள்கை சரியில்லை. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கொல்லப்பட்டது. அதே மாதம் 25ஆம் தேதி வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. அந்தத் தேர்தலின் மிகக் கூர்மையான அரசியல் விமர்சனம் இந்த அறிக்கைதான்.

ஆனால் இதை யார் கொண்டுபோவது? 'ஜனதா' வார இதழ், அது நம்ம ஆட்களிடம் போகும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. தனித்தொகுதி என்றாலும் ஓட்டுப் போடுவது எல்லாச் சாதியாரும்தான். 1932இல் பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையைத் தட்டிப் பறித்துக்கொண்டு கொடுத்தது இதைத்தான். தலித் வேட்பாளரின் தலைவிதியை எழுதும் சாதி இந்து வாக்காளருக்கு அவர் பேச்சு போய்ச்சேர வேண்டுமானால், சாதி இந்துப் பத்திரிகை வழியாகத்தான் போகணும். வானொலியில் கட்சிகள் பேசும் ஏற்பாடு 1977இல்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று நூற்றுக்குச் சுமார் 18 பேர், அப்புறம் பத்திரிகைக்கு என்ன பலம் என்று கேட்கலாம். ஒருத்தர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம் அது. வாசிக்கிறவர் எந்தத் தெருக்காரர் என்பதுதான் கேள்வி.

1952 ஜனவரியில் பம்பாய் வடக்கில் அம்பேத்கர் தோற்றார். காங்கிரசின் கஜ்ரோல்கருக்கு 1,38,137 வாக்குகள், அம்பேத்கருக்கு 1,23,576. வித்தியாசம் 14,561. அது இரட்டை உறுப்பினர் தொகுதி, ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அதில் 74,333 ஓட்டுகள் எண்ணாமல் தள்ளப்பட்டன. ஓட்டை வீணாக்கச் சொல்லிக் கம்யூனிஸ்டுகள் பிரச்சாரம் செய்ததாக அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் மனுப் போட்டார்கள். மனுவின் வாதத்தில் பேதம் இருக்கலாம். ஆனால் 'மக்கள் கைவிட்டார்கள்' என்று ஒரே வரியில் அந்தத் தோல்வியை முடிப்பவர்கள், இந்த எண்ணிக்கைகளைப் பார்க்காமல் எழுதுகிறார்கள்.

நாற்பத்து நான்கு வருஷம் கழித்து, 1996 நவம்பரில் பி.என். உனியால் 'பயனியர்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டுங்கள் என்று வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் கேட்க, இவர் தேடிப் போனார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலில் ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2006இல் தில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரை ஆய்வு செய்தபோதும் தலித்தோ ஆதிவாசியோ ஒருவர்கூட இல்லை.

ஆகவே நமக்கு வேலை இரண்டாக இருக்கிறது. சொந்த இதழை விடக் கூடாது. அதேசமயம் அதோடு நின்று 'நமக்கு நாமே' என்று திருப்திப்பட்டுக்கொள்ளவும் கூடாது. பொதுப் பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் இடம் கேட்பது சலுகை கேட்பதல்ல, அது வாக்குரிமையின் மிச்சப் பாதி. அது கிடைக்கிறவரைக்கும் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் 1937க்குப் பிறகு அம்பேத்கர் செய்ததை நாம் செய்யலாம். தொகுதி தொகுதியாக, சாவடி சாவடியாக நாமே உட்கார்ந்து எண்ணுவோம். நம்ம தோல்விக்கான காரணத்தை நாமே எழுதுவோம்.